பனியை நிறுத்துப் பார்த்த லத்தீன் பேராசிரியர்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகருக்குத் தென்மேற்கே ரோஸ் மலை இருக்கிறது. உயரம் சுமார் 3,285 மீட்டர். அதன் தெற்கே விரிந்து கிடக்கும் டாஹோ ஏரிக்குள் 63 ஓடைகள் வந்து விழுகின்றன. வெளியே போவது ட்ரக்கீ என்ற ஒரே ஓர் ஆறு. அது ரீனோவின் நடுவே ஓடி, கடலைப் பார்க்காமலேயே பாலைவனத்து பிரமிட் ஏரியில் முடிந்துவிடுகிறது.

இந்த வட்டாரத்தில் கோடை மழை என்பது பெயருக்குத்தான். வருடத்துத் தண்ணீரில் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாக விழுந்து, மலைமேலேயே மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. நமக்கு ஏரியும் கண்மாயும் எப்படியோ, அவர்களுக்கு அந்தப் பனி அப்படி. கரையில்லை, மதகில்லை, அவ்வளவுதான். கண்மாயில் எவ்வளவு நீர் கிடக்கிறது என்பதை ஓர் அளவுகல் சொல்லிவிடும். மலைமேல் கிடக்கும் பனியில் எவ்வளவு நீர் என்று யார் சொல்வது?

உயரத்தை அளந்தால் போதாதா என்று தோன்றும். போதாது. புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு மீட்டர் புதுப்பனியை உருக்கினால் 10 சென்டிமீட்டர் தண்ணீர் தேறுவதே பாடு. அதே பனி மாதங்கள் கிடந்து, தன் பாரத்திலேயே அமுங்கி, ஏப்ரலை எட்டும்போது ஒரு மீட்டருக்குள் 40 சென்டிமீட்டர் நீரைக்கூட வைத்திருக்கும். பஞ்சு மூட்டையும் நெல் மூட்டையும் பார்வைக்கு ஒரே அளவில் இருக்கலாம். தூக்கினால்தானே தெரியும்?

தூக்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். பொறியாளர் அல்ல, நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர். கடுங்குளிரில் ரோஸ் மலை ஏறுவதில் பித்துக் கொண்டவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சியில் வானிலைக் கருவிகளை நிறுவிய அவர், பனியை எடை போட ஒரு குழாயையும் வடிவமைத்தார். ரோஸ் மலைக் குழாய் என்றே அதற்குப் பெயர்.

நுனியில் ரம்பப் பற்கள் கொண்ட மெல்லிய உலோகக் குழாய் அது. பனியில் செங்குத்தாக நிறுத்தி, திருகித் திருகித் தரைவரை இறக்குவார்கள். வெளியே எடுத்ததும் முதலில் அடிநுனியைப் பார்ப்பார்கள். அங்கே சிறிது மண்ணோ புல்லோ ஒட்டியிருந்தால் குழாய் தரையைத் தொட்டது உறுதி. மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, குழாயைத் தராசில் மாட்டி, வெறுங்குழாயின் எடையைக் கழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் குழாய் வாயின் அகலத்தில் இருக்கிறது: 1.485 அங்குலம். இதென்ன விசித்திரமான எண் என்று கேட்கலாம். அந்த அகலத்தில் ஓர் அங்குல உயரத் தண்ணீர் நின்றால் அதன் எடை சரியாக ஓர் அவுன்ஸ். ஆகவே தராசு 20 அவுன்ஸ் காட்டினால் அந்த இடத்துப் பனியில் 20 அங்குல நீர். விரல் விறைக்கும் குளிரில் பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் டாஹோ ஏரியின் நீர்மட்டம் பற்றி ஏரிக்கரை நிலக்காரர்களுக்கும் ஏரியிலிருந்து ட்ரக்கீ புறப்படும் இடத்து அணையைக் கையில் வைத்திருந்த மின்நிறுவனத்துக்கும் ஓயாத சண்டை. ஏரி எவ்வளவு உயரும் என்று சர்ச் பனியை எடை போட்டு முன்கூட்டியே சொன்னார். வழக்கமான பனியில் இத்தனை சதவீதம் இருந்தால், வழக்கமான நீர்வரத்திலும் ஏறக்குறைய அத்தனை சதவீதம் வரும் என்பதே அவர் கண்ட விதி. இன்று அமெரிக்க மேற்கு மாநிலங்களில் 900க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் இதே வேலையைச் செய்கின்றன. உறையாத திரவம் நிரப்பிய தலையணை போன்ற பையின் மேல் பனி விழுகிறது. பாரம் கூடக் கூட உள்ளழுத்தம் கூடுகிறது. அந்தத் தகவலை, எரிகற்கள் வானில் விட்டுச்செல்லும் தடத்தில் ரேடியோ அலையைத் தெறிக்கவைத்துப் பல ஆண்டுகள் அனுப்பிவந்தார்கள் என்றால் நம்பக் கடினம், ஆனால் உண்மை.

சரி, வெயில் வந்ததும் பனி உருகி ஓடிவிடுமா? உடனே அல்ல. முதலில் பனி முழுவதும், அடிவரை, பூஜ்ஜியம் டிகிரிக்கு வர வேண்டும். பிறகு உருகும் நீரைக் கொஞ்ச காலம் ஈரத்துணிபோலத் தனக்குள்ளேயே பிடித்துவைத்திருக்கும். அதற்கும் மேல்தான் சொட்டத் தொடங்கும். உருகுவதற்கு ஆகும் வெப்பமும் லேசுப்பட்டதல்ல: ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்கச் செலவாகும் வெப்பம், ஒரு கிலோ குளிர்ந்த நீரைப் பூஜ்ஜியத்திலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோய்விடும். போதாததற்கு, புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் திருப்பியடித்துவிடுகிறது. தூசி படிந்து அழுக்கான பழைய பனிதான் வெயிலைக் குடித்து வேகமாக உருகும்.

மலையேறுபவர்களுக்கு இதில் உயிர்பிழைக்க ஒரு பாடம் உண்டு. பனியடியில் பிறக்கும் ஓடை பகல் வெயிலுக்கு ஏற்ப மாலையில் பெருகி, இரவுக் குளிரில் வற்றும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, திரும்பும்போது தொடையைத் தள்ளும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் விடிகாலையிலேயே கடந்துவிடுவார்கள்.

பனியில் சறுக்கி விளையாடுபவர்களும் ஆற்றுநீரை நம்பியிருப்பவர்களும் ஒரே பனியை எதிரெதிர் ஆசையோடு பார்க்கிறார்கள். முன்னவர்களுக்கு மாவுபோல லேசான பனி வேண்டும். பின்னவர்களுக்கு கனத்த பனி. இருவருமே அஞ்சுவது பனிமேல் பெய்யும் சூடான மழைக்கு. 1997 புத்தாண்டில் அப்படிப் பெய்ததில் ட்ரக்கீ கரைபுரண்டு ரீனோவின் மையப்பகுதி மூழ்கியது.

வறட்சிக்கும் குறைவில்லை. 2015 ஏப்ரல் முதல் நாளில் கலிபோர்னியாவின் சியரா மலைகளில் இருந்தது வழக்கமான பனிநீரில் வெறும் 5 சதவீதம். 2023இல் அதே நாளில் வழக்கத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்த ஆட்டம்கூடக் கணிப்பாளர்களுக்குப் பழகிவிட்டது. அவர்களை ஏமாற்றியது 2021. பனி குறைவுதான், ஆனால் ஆற்றுக்கு வந்த நீர் அந்தக் கணக்கைவிட மிகவும் குறைவு. வறண்டு கிடந்த மண், உருகிய நீரில் பெரும்பங்கைத் தானே குடித்துவிட்டது. அக்டோபரில் டாஹோ ஏரி தன் இயற்கையான விளிம்புக்குக் கீழே இறங்கியது. அணையின் மதகைத் திறந்துவைத்தாலும் ட்ரக்கீக்குள் விழ ஏரியில் தண்ணீர் எட்டவில்லை.