கைத்துப்பாக்கி சுடப் பழக: லைசென்ஸ் எதற்கு, அலைச்சல் எங்கே

மார்கழியில் மதுரை வெயில் சற்றே அடங்கியதும் குறிபார்த்துச் சுடப் பழகலாம் என்று பலருக்கு ஆசை வருகிறது. தாராளமாகப் பழகலாம். ஆனால் லைசென்ஸ் வேண்டுமா என்று கேட்டால் கடைக்காரர் ஒன்று சொல்வார், அலுவலக எழுத்தர் வேறொன்று சொல்வார். இருவரையும் நம்பிப் பணத்தையும் தூக்கத்தையும் தொலைத்தவர்களைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

அடிப்படை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் விதிகளும். வரலாறு நமக்கு வேண்டாம்.

குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டரைத் தாண்டாமலும், குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாமலும் இருக்கும் காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, பெயருக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தராத கடையில் வாங்காதீர்கள். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் தூரத்தில் சுடும் கைத்துப்பாக்கி இந்த வகைதான். "இதுவும் காற்றுதானே" என்று 5.5 மில்லிமீட்டரை நீட்டுவார்கள். அதற்கு லைசென்ஸ் வேண்டும். போலீஸ் பிடித்தால் கடைக்காரர் உங்களுக்காக ஸ்டேஷனுக்கு வரமாட்டார்.

தோட்டா போடும் துப்பாக்கிதான் வேண்டும் என்றால் 21 வயது முடிந்திருக்க வேண்டும். விண்ணப்பம், மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைப்பதாக உறுதிமொழி, இவ்வளவும் தேவை. பயிற்சிச் சான்றைப் பற்றி முதல் நாளே யாராவது சொன்னால் உங்கள் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கோப்பு திரும்பி வரும்போதுதான் சொல்வார்கள்.

எங்கே கொடுப்பது? மாநகரப் போலீஸ் எல்லைக்குள் வீடு இருந்தால் போலீஸ் கமிஷனர், வெளியே இருந்தால் மாவட்ட ஆட்சியர். மாநகராட்சிக்கு வரி கட்டுவதால் கமிஷனர் அலுவலகம்தான் என்று முடிவு கட்டாதீர்கள். மாநகராட்சி எல்லையும் போலீஸ் எல்லையும் ஒன்றல்ல. உங்கள் தெருவுக்குரிய ஸ்டேஷன் கமிஷனருக்குக் கீழ் வருகிறதா, மாவட்ட எஸ்.பி.க்குக் கீழ் வருகிறதா என்று அங்கேயே கேட்டுவிட்டுப் போங்கள். இதைக் கேட்காமல் போனவர்களை இரண்டு அலுவலகங்களும் மாற்றி மாற்றிக் கைகாட்டும். எல்லைக் கோட்டை விண்ணப்பிக்க வந்தவர் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

இன்னொரு பொறி: "கிளப்பில் சேர்ந்தால் லைசென்ஸ் தானாக வரும்" என்பது. மத்திய அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினருக்கு, குறிசுடும் பயிற்சிக்காக, பாயின்ட் 22 (குழல் விட்டம் 0.22 அங்குலம்) ரைபிளுக்கு உரிமம் தர வேண்டும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. அங்கே ரைபிள், அதாவது நீளக் குழல் துப்பாக்கி, என்றுதான் இருக்கிறது. பிஸ்டலுக்கு, அதாவது கைத்துப்பாக்கிக்கு, தக்க காரணம் இருப்பதாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். ஆகவே உறுப்பினர் அட்டையோடு நிறுத்தாமல், பயிற்சிப் பதிவுகளையும் போட்டிச் சான்றுகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

"பட்டா இருக்கிறதா, சொத்து மதிப்பு எவ்வளவு" என்று கேட்டு வாடகை வீட்டுக்காரரைத் திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். போதிய சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாக்கி லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று 14ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வாய்த்தகராறு வேண்டாம், மனுவிலேயே அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். உங்களைப் பற்றிய போலீஸ் அறிக்கைக்கு விதி தரும் அவகாசம் 30 நாள். அது தாண்டினால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் நினைவூட்டல் அனுப்புங்கள். நேரில் போய்ச் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. மறுத்தால் "முடியாது" என்ற வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். காரணம் காட்டிய எழுத்து உத்தரவைக் கேளுங்கள். மேல்முறையீட்டுக்கு அதுதான் ஆதாரம், அதற்கும் காலக்கெடு உண்டு.

வெளிமாநில லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று வரும் புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆயுத லைசென்ஸ்களுக்கான தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண் இல்லாத லைசென்ஸ் வெறும் காகிதம். உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்ததாக வழக்கு வந்தால் புரோக்கர் மீது அல்ல, உங்கள் மீதுதான் வரும்.

கழற்றி மாட்டிப் பார்க்கும் ஆசைக்காரர்கள் இதைக் கவனிக்கவும். காற்றுத் துப்பாக்கியின் மரப்பிடியைத் தாராளமாகச் செதுக்கலாம். உள்ளங்கையில் கரிப்பொடி பூசி இறுக்கிப் பிடித்தால் மேடு எங்கே என்று கறை காட்டிவிடும்; அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்தால் போதும். போட்டி விதிப்படி, சுடும் விசை (ட்ரிகர்) 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும், துப்பாக்கி ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது. போட்டிக்குப் போகிறவர்கள் எடைக்கல்லைத் தொங்கவிட்டு வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். ஆனால் வேகம் கூட்டுவதாக ஸ்ப்ரிங்கை மாற்றி 20 ஜூல் அளவைத் தாண்டவிட்டால், நேற்றுவரை லைசென்ஸ் தேவைப்படாத பொருள் இன்று சட்டவிரோதமாகிவிடும்.

தோட்டாத் துப்பாக்கியைச் சுத்தம் செய்து எண்ணெய் போடுவதோடு நிறுத்துங்கள். உரிமம் இல்லாமல் பழுது பார்ப்பதும், குழலை வெட்டுவதும், பொம்மைத் துப்பாக்கியைச் சுடும் துப்பாக்கியாக மாற்றுவதும் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள். கடைச்சல் பட்டறைக்காரர் நண்பராக இருந்தால் அவரும் சேர்ந்து மாட்டுவார். ரிப்பேர் உரிமம் உள்ள ஆயுதக் கடையில் கொடுத்து, துப்பாக்கி எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொண்டு வாருங்கள்.

லைசென்ஸின் ஆயுள் இப்போது 5 ஆண்டு. முடியும் தேதியை அலுவலகம் நினைவூட்டும் என்று காத்திருக்காதீர்கள். தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வரும். ஒப்படைத்தால் எண்ணோடு ரசீது வாங்குங்கள், அந்த மாதங்களில் போட்டி இருந்தால் அழைப்பிதழோடு முன்கூட்டியே விலக்குக் கேட்டு மனு கொடுங்கள்.