குருமுகி: மொழியன்று, எழுத்து

'குர்முகி மொழியில் இயற்றப்பட்ட நூல்' என்று தமிழில் எழுதுவதை எப்போதுதான் நிறுத்தப் போகிறார்களோ! மொழி பஞ்சாபி. இந்தியப் பஞ்சாபில் அதை எழுதும் எழுத்துக்குத்தான் குருமுகி என்று பெயர்.

சொற்பிறப்பில் பெரிய சிக்கல் இல்லை. வடமொழியில் 'முகம்' வாயையும் குறிக்கும். குருவின் வாயிலிருந்து வந்தது என்று பொருள் சொல்வார்கள். வணிகர்கள் கணக்கெழுதிய லண்டா எழுத்து வகையை ஒட்டி வளர்ந்தது. 16ஆம் நூற்றாண்டில் சீக்கியரின் இரண்டாம் குரு அங்கத் சீர்செய்தார். அடிப்படை எழுத்துகள் 35. நெடுங்கணக்கின் பேரே 'பைந்தி', அதாவது முப்பத்தைந்து.

'குருவின் முகம்' என்று விளக்குபவர்களை விட்டுவிடலாம். 'குருமுகமாகக் கற்றான்' என்ற தமிழ் வழக்கு அவர்கள் காதில் விழவில்லை போலும். என்னை உறுத்துவது குருமுகியைத் தமிழாக்கிச் சொல்லும் 'குருவாய்மொழி' என்ற ஆக்கம். தனித்தமிழ் எனக்கும் பிடிக்கும். ஆனால் இதைப் படிப்பவருக்குத் திருவாய்மொழிதான் நினைவுக்கு வரும். ஏதோ பாசுரத் தொகுப்பு என்று நினைப்பார். அதைவிட, 'மொழி' என்ற சொல்லை ஒட்டவைத்துப் பழைய குழப்பத்தையே இது உறுதியாக்குகிறது. 1604இல் குரு அர்ஜன் தொகுத்த, சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தம் முழுக்கக் குருமுகி எழுத்தில்தான் இருக்கிறது. அதற்குள் மராட்டியரான நாமதேவரும் உண்டு, காசிக் கபீரும் உண்டு, சூஃபி ஞானி ஷேக் ஃபரீதும் உண்டு. அத்தனை பேர் மொழிநடையையும் 'குருவாய்மொழி' என்ற ஒரே பேரில் அடைப்பதா? அரபு எழுத்தில் எழுதினாலும் அரபுத்தமிழ் தமிழ்தானே.

இதென்ன எழுத்துச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. விடுதலைக்குப் பின் இந்தியப் பஞ்சாபில், பஞ்சாபியை இந்தி எழுத்தான தேவநாகரியிலும் எழுத இடம் வேண்டும் என்று ஒரு தரப்பும், குருமுகியே வேண்டும் என்று இன்னொரு தரப்பும் மல்லுக்கு நின்றன. வீட்டில் பஞ்சாபி பேசிய இந்துக்கள் பலர், மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி இந்தி என்று பதிந்தார்கள். எழுத்து மதத்தின் அடையாளமாகி, மதம் மொழியின் எல்லையானது. 1966இல் பஞ்சாப் மாநிலம் பிரிந்து ஹரியானா உருவானது. 1967இன் பஞ்சாப் ஆட்சிமொழிச் சட்டம் 'குருமுகி எழுத்திலுள்ள பஞ்சாபி' என்றே வரையறுத்தது. இரண்டையும் தனித்தனியே சொல்ல அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது.

எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானில் பஞ்சாபி பேசுவோர் இன்னும் அதிகம். அங்கே எழுத்து ஷாமுகி: வலமிருந்து இடம் ஓடும் பாரசீக-அரபு வரிவடிவம். பள்ளியிலும் அலுவலகத்திலும் உருதும் ஆங்கிலமும் கோலோச்சுவதால், நாட்டிலேயே மிகுதியானோரின் தாய்மொழியான பஞ்சாபிக்குச் சொந்த மாகாணத்தில்கூட ஆட்சிமொழி இடம் கிடைக்கவில்லை. வாரிஸ் ஷாவின் ஹீர் காவியத்தை இரு புறமும் கொண்டாடுகிறார்கள். ஒரு பக்கம் அச்சிட்டதை மறுபக்கத்தில் பலரால் படிக்க முடிவதில்லை.

ஆகவே என் பரிந்துரை: மொழியைப் பஞ்சாபி என்றும் எழுத்தைக் குருமுகி என்றும் எழுதுங்கள். 'தர்மம்' தமிழில் தருமம் ஆனதுபோல் குர்முகியைக் குருமுகி ஆக்குவதில் தவறில்லை. குருவும் கண்ணுக்குத் தெரிகிறார். சிறப்புப் பெயரை அதற்கு மேல் பெயர்க்க வேண்டாம். மொழிபெயர்ப்பு நூல்களில் 'மூலமொழி: குர்முகி' என்று போடுகிறவர்கள், நாளை லாகூரிலிருந்து ஒரு பஞ்சாபி நாவல் வந்தால் 'மூலமொழி: ஷாமுகி' என்று போடுவார்களா?