நிலைபேறான மேம்பாடு: சுரங்கத்தை ஒட்டிப் பிறந்த சொல்

'சஸ்டெயினபிள் டெவலப்மென்ட்' என்ற தொடருக்குத் தமிழில் பல பெயர்கள் புழங்குகின்றன. வளங்குன்றா வளர்ச்சி, பேண்தகு வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, நிலையான வளர்ச்சி என்று எழுதுகிறோம். இலங்கை அரசு ஆவணங்களில் அது நிலைபேறான அபிவிருத்தி. பொதுப்பேச்சில் எதைச் சொன்னாலும் புரிந்துவிடும். எண்ணெய், வைரம், செம்பு என்று மண்ணுக்கடியில் கிடப்பதை விற்றுப் பிழைக்கும் நாட்டைப் பற்றி எழுதும்போதுதான் சிக்கல் வருகிறது.

அப்படிப்பட்ட பொருளாதாரத்தை 'வளம் சார்ந்த பொருளாதாரம்' என்கிறோம். வணிகத்தையும் மேம்பாட்டையும் கவனிக்கும் ஐ.நா.வின் அங்டாட் அமைப்பு இதற்கு ஒரு கோடு கிழித்திருக்கிறது: சரக்கு ஏற்றுமதி வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் மூலப்பொருள்களிலிருந்தே வந்தால், அந்த நாடு மூலப்பொருளைச் சார்ந்து நிற்கிறது என்று பொருள்.

'சஸ்டெய்ன்' என்பதன் வேர் லத்தீன். கீழிருந்து தாங்கிப் பிடிப்பது அதன் முதற்பொருள். ஆனால் இன்று அந்தச் சொல் சுமக்கும் கருத்து ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. 1713இல் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'நாக்ஹால்டென்ட்', அதாவது பின்னாளிலும் நின்று பயன்தரும் வகையில் மரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்று அதில் சொன்னார். அவர் வனத்துறைக்காரர் அல்ல. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் உள்ள ஃப்ரைபெர்க் நகரில் சுரங்க நிர்வாகத்தின் தலைவர். வெள்ளிச் சுரங்கத்தின் கூரை சரியாமல் முட்டுக்கொடுக்க மரம் வேண்டும். தாதுவை உருக்கும் உலைக்குக் கரி வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகள் மொட்டையாகிக்கொண்டிருந்தன. மரம் தீர்ந்தால் வெள்ளி மண்ணுக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான். அதனால், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்றார்.

காட்டைக் காத்தது வெள்ளியைத் தோண்டித் தீர்ப்பதற்காக என்பதைக் கவனியுங்கள். வெட்டிய மரம் திரும்ப வளரும், எடுத்த வெள்ளி வளராது. வளரும் பொருளுக்காகப் பிறந்த கருத்தை வளராத பொருளுக்கும் பொருத்தப் பார்ப்பதில்தான் இன்றைய குழப்பமே தொடங்குகிறது. 1987இல் ஐ.நா. அமைத்த புருன்ட்லாண்ட் ஆணையம் கொடுத்த வரையறை காடு, சுரங்கம் இரண்டையும் தாண்டி நிற்கிறது: வருங்காலத் தலைமுறைகள் தம் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் குலைக்காமல், இன்றைய தேவைகளை நிறைவேற்றும் மேம்பாடு.

சரி, 'வளங்குன்றா வளர்ச்சி'க்கு வருவோம். அழகான தொடர். வளங்குன்றா என்ற சொல் குறளிலேயே இருக்கிறது: 'கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா / நாடென்ப நாட்டின் தலை' (736). மீன், காடு, நிலத்தடி நீர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே எழுதலாம். எண்ணெய்க் கிணற்றுக்கு எழுதினால் பொய்யாகிவிடும். ஒரு பீப்பாய் எடுத்தால் ஒரு பீப்பாய் குறைந்தே தீரும்.

அப்படியானால் தாதுவை நம்பிய நாட்டுக்கு நிலைபேறே கிடையாதா? 1977இல் ஜான் ஹார்ட்விக் என்ற பொருளியலாளர் ஒரு விதி சொன்னார். தீரும் வளத்திலிருந்து கிடைக்கும் மிகைவருமானத்தைத் தின்று தீர்க்காமல், இயந்திரம், கட்டுமானம் போன்ற மூலதனமாக மாற்றிவிட்டால், வளம் தேய்ந்தாலும் நுகர்வு தேய வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானா இதை ஒரு கணக்காகவே வைத்துப் பார்த்தது. 1967இல் ஒராபாவில் வைரம் கண்டெடுக்கப்பட்ட நாடு அது. கனிம வருவாய் முதலீட்டுக்கு மட்டும் போக வேண்டும், அன்றாடச் செலவைக் கனிமமல்லாத வருவாய் தாங்க வேண்டும். அன்றாடச் செலவைக் கனிமமல்லாத வருவாயால் வகுத்து வரும் விகிதம் ஒன்றைத் தாண்டினால், வைரத்தைத் தின்னத் தொடங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். கல்விச் செலவையும் மருத்துவச் செலவையும் முதலீட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நார்வே வேறு வழியில் போனது. 1990இல் சட்டமியற்றி எண்ணெய் நிதியம் அமைத்தது. அதன் எதிர்பார்க்கும் ஈட்டத்தை ஒட்டியே அரசு செலவு செய்கிறது. நிதியத்தின் மதிப்பில் அந்த அளவு 2001இல் 4 சதவீதம், 2017இலிருந்து 3.

ஹார்ட்விக் விதிக்கும் ஓட்டை உண்டு. பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் மட்டுமே உள்ள நவ்ரு என்ற தீவு நாடு பாஸ்பேட்டை விற்ற பணத்தை அறக்கட்டளை நிதியில் போட்டது. நிர்வாகம் சொதப்பியதில் நிதி கரைந்தது. பாஸ்பேட் சுரண்டப்பட்ட நடுத்தீவிலோ கூர்கூரான சுண்ணாம்புப் பாறைகள்தான் மிச்சம். அங்கே எதையும் பயிரிட முடியாது. பணம் தப்பியிருந்தாலும் அந்த மண் திரும்பியிருக்காது.

ஆகவே இந்தச் சூழலில் என் தேர்வு 'நிலைபேறான மேம்பாடு'. எது குன்றக்கூடாது என்று இந்தத் தொடர் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதில்லை; நிற்க வேண்டியது மக்களின் வாழ்வு என்ற இடத்தில் வந்து நிற்கிறது. 'பேண்தகு' என்பதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல்: பேணத் தகுந்தது என்றுதான் முதலில் காதில் விழுகிறது.

'வளர்ச்சி' என்பதையும் மாற்றியது ஏன் என்றால், உற்பத்தி பெருகுவதற்கும் நாம் அதே சொல்லைத்தான் போடுகிறோம். ஆப்பிரிக்காவின் எக்குவடோரியல் கினி 1990களில் எண்ணெய் கிடைத்ததும் மளமளவென்று வளர்ந்தது. 2010களின் நடுவிலிருந்து அதன் பொருளாதாரம் பெரும்பாலும் சுருங்கியே வந்திருக்கிறது. அந்த முதல் ஆண்டுகளைத் 'தொடர் வளர்ச்சி' என்று தாராளமாக எழுதலாம். மேம்பாடு என்று எழுத வேண்டுமானால், பள்ளிக்கும் குடிநீருக்கும் அதில் எவ்வளவு போனது என்று பார்த்துவிட்டு எழுத வேண்டும்.