சுவரில் யாருடைய கதை?

ஒரு பகுதிக்கு அடிதடி, கஞ்சா என்று பெயர் கெட்டுவிட்டால், அடுத்த ஆய்வுக் கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "சுவத்துல நல்லதா நாலு படம் வரைஞ்சு விட்ருவோம் சார்." நகரத் திட்டமிடலில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிப்போன பேச்சு. கூடவே கொலம்பியாவின் மெடெயின் நகரத்துப் படங்கள் திரையில் ஓடும். அந்த ஊர்க் கதையில் பாதியைத்தான் நாங்கள் வழக்கமாகச் சொல்கிறோம்.

1991-இல் மெடெயினில் லட்சம் பேருக்கு ஏறக்குறைய 380 கொலைகள். போதைப்பொருள் கடத்தல் கும்பல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரின் காலம். இருட்டினால் வெளியே தலைகாட்டப் பயந்த ஊர். அதே ஆண்டில் ஒரு கவிதைப் பத்திரிகைக்காரர்கள் சர்வதேசக் கவிதைத் திருவிழாவைத் தொடங்கினார்கள். திறந்தவெளியில் உட்கார்ந்து கவிதை கேட்க மக்கள் வந்தார்கள். அரசாங்கத் திட்டம் எதுவும் வருவதற்கு வெகு முன்னால் நடந்தது இது.

மாநகராட்சியின் பங்கு பிறகு வருகிறது. உள்நாட்டுப் போரால் கிராமங்களைவிட்டு ஓடிவந்தவர்கள் மலைச்சரிவுகளில் குடிசை போட்டிருந்தார்கள். 2004-இல் அங்கே கேபிள் கார் போனது. சுற்றுலாவுக்காக இல்லை, மெட்ரோ ரயிலோடு இணைந்த அன்றாடப் போக்குவரத்தாக. அந்த ஆண்டு மேயராக வந்த செர்ஹியோ ஃபஹார்தோ ஒரு கணிதப் பேராசிரியர். ஊரிலேயே அழகான கட்டடங்கள் ஏழைகள் இருக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும் என்றார். அப்படி வந்தவைதான் நூலகப் பூங்காக்கள். அவற்றில் ஒன்று பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் நிற்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள்: மின்சாரமும் குடிநீரும் தரும் நிறுவனம் மாநகராட்சிக்குச் சொந்தம், அதன் லாபத்தில் ஒரு பங்கு நகரத்துக்கு வருகிறது. நன்கொடையை நம்பி இருந்தால் இத்தனை தூரம் போயிருக்காது.

இதனால்தான் கொலைகள் குறைந்தன என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் அரசைச் சேராத தனியார் ஆயுதக் குழு ஒன்றின் தலைவர் ரவுடிக் கும்பல்கள் பெரும்பாலானவற்றைத் தன் பிடிக்குள் வைத்திருந்ததும் ஒரு காரணம். 2008-இல் அவரை அமெரிக்காவுக்கு நாடு கடத்தியதும் 2009-இல் கொலைகள் மறுபடி ஏறின. நூலகங்கள் அப்போதும் திறந்துதான் இருந்தன. அந்த நூலகப் பூங்காக்களில் எல்லோரும் படமெடுத்துப் போட்ட எஸ்பான்யா நூலகத்தையோ, திறந்து பத்து ஆண்டுகூட ஆகாத நிலையில் கட்டுமானக் குறைபாடுகளுக்காக மூடவேண்டி வந்தது.

மெடெயினின் மலைச்சரிவில் இருக்கும் கொமுனா 13 பகுதியில்தான் எனக்குப் பாடம் அதிகம். 2002 அக்டோபரில் ராணுவமும் போலீசும் ஹெலிகாப்டரோடு அங்கே நுழைந்தன. அந்தச் சமயத்தில் பலர் காணாமல் போனார்கள். அங்கிருந்த இளைஞர்கள் ராப் பாடினார்கள், சுவரில் எழுதினார்கள். கொலாச்சோ என்ற ராப் பாடகர் 2009-இல் கொல்லப்பட்டபின், நண்பர்கள் அவர் பெயரில் ஓர் இல்லம் அமைத்துப் பிள்ளைகளுக்கு ராப்பும் கிராஃபிட்டியும் கற்றுக்கொடுக்கிறார்கள். 2011-இல் 384 மீட்டர் நீளத்துக்கு எஸ்கலேட்டர் வந்தது, பின்னாலேயே சுற்றுலாக் கூட்டமும். இப்போது குடியிருப்பவர்களின் புலம்பல் இரைச்சலைப் பற்றி!

காணாமல் போனவர்களைப் பக்கத்துக் கட்டட இடிபாட்டுக் கிடங்கில் புதைத்திருக்கிறார்கள் என்று தாய்மார்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சொல்லிவந்தார்கள். 2024 டிசம்பரில் அங்கே எலும்புகள் கிடைத்தன. அம்மாக்கள் சொன்னது சரிதான் என்று இளைஞர்கள் ஒரு சுவரில் எழுதினார்கள். அழகான ஓவியங்களை ஊர் ஊராகக் காட்டிப் பெருமைப்பட்ட அதே மாநகராட்சி, 2025 ஜனவரியில் இதன்மேல் சாம்பல் பெயின்ட் அடித்தது. இளைஞர்கள் திரும்ப எழுதினார்கள். வாசகம் வேறு ஊர்ச் சுவர்களுக்கும் பரவியது.

இதே ஊரில்தான் 1995-இல் ஓர் இசை நிகழ்ச்சியின்போது ஃபெர்னாண்டோ பொட்டேரோ செய்த வெண்கலப் பறவைச் சிலைக்குள் குண்டு வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடைந்ததை அகற்றாதீர்கள் என்று பொட்டேரோ கேட்டுக்கொண்டார். 2000-இல் புதிய பறவை ஒன்றை அதன் பக்கத்திலேயே நிற்கக் கொடுத்தார். கிழிந்த வயிற்றோடு பழையதும் அங்கேயே நிற்கிறது. என் பார்வையில் மெடெயினிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான், எஸ்கலேட்டரை அல்ல.

நம் ஊரில், சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகர்ச் சுவர்களில் 2020-இல் பெரிய ஓவியங்கள் வந்தன. நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஊர் நடுவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டவர்களுக்கு, விட்டுவந்த வேலையும் பள்ளியும் அதே தூரத்தில்தான் இருக்கின்றன.

உங்கள் ஏரியா சபையில் (வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம்) இப்படி ஒரு திட்டம் வந்தால் எதிர்க்க வேண்டாம். என்ன வரைவது என்று தெருக்காரர்களைக் கேட்டார்களா, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கூலி உண்டா, மூன்றாம் ஆண்டுப் பராமரிப்புக்கு எந்தக் கணக்கில் பணம் என்று கேளுங்கள். அப்புறம், அதிகாரிகளுக்குப் பிடிக்காத ஒன்றை அதே சுவரில் எழுத இடம் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். பதிலை மினிட்ஸ் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.