பயோசென்சர்: உயிரை உணர்வதா, உயிரால் உணர்வதா?

'பயோசென்சர்' என்ற சொல்லில் முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன். 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்வு. 'சென்டிரே' என்றால் உணர்தல். தமிழில் 'உயிர் உணரி', 'உயிரி உணரி' என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இரண்டிலும் ஒரு நெருடல்.

'உணரி' நல்ல சொல். 'கொல்' கொல்லியாவது போல, 'காட்டு' காட்டியாவது போல, 'உணர்' உணரியாகிறது. சிக்கல் அதற்கு முன்னால் நிற்கும் சொல்லில்தான். பூச்சிக்கொல்லி பூச்சியைக் கொல்கிறது. திசைகாட்டி திசையைக் காட்டுகிறது. புகை உணரி புகையை உணர்கிறது. அப்படியானால் உயிர் உணரி? இடிபாடுகளுக்குள் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று தேடும் கருவி என்றுதான் தமிழ்க் காதுக்குக் கேட்கும். பயோசென்சர் உயிரைத் தேடுவதில்லை. நொதி, செல் போன்ற உயிர்ப்பொருளைக் கொண்டு, சர்க்கரை, நச்சு போன்ற வேறொன்றைத் தேடுகிறது. 'உயிரால்' என்று மூன்றாம் வேற்றுமையாகக் கொள்ள வேண்டியதை 'உயிரை' என்று இரண்டாம் வேற்றுமையாகப் படித்துவிடுகிறோம். ஆங்கிலச் சொல்லும் இந்தக் குழப்பத்திலிருந்து தப்பவில்லை. இதயத்துடிப்பை அளக்கும் கைப்பட்டையையும் அங்கே பயோசென்சர் என்பவர்கள் உண்டு.

இந்த வகைக் கருவிகளின் தொடக்கமாக, 1962ல் அமெரிக்க அறிவியலாளர் லேலண்ட் கிளார்க் முன்வைத்த, சர்க்கரையை அளக்கும் குளுக்கோஸ் மின்முனையைச் சொல்வார்கள். அதில் இருந்தது ஒரு நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். உயிரிலிருந்து எடுத்தது, ஆனால் தானே உயிருள்ளதல்ல. உயிருள்ள செல்லையே கருவியில் வைக்கும்போதுதான் 'பயோ' தன் முழுப் பொருளுக்கு வருகிறது.

அலிவிப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா இயல்பாகவே ஒளிரும். சோதிக்க வேண்டிய நீரில் அதைக் கலந்தால், நச்சு இருக்கும் அளவுக்கு ஒளி மங்கும். 15 அல்லது 30 நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். எந்த நச்சு என்று மட்டும் அது சொல்லாது. அதற்கு மரபணுவில் கைவைக்க வேண்டும். ஆர்சனிக் என்ற நச்சை எதிர்க்கும் பாக்டீரியாக்களில் ஒரு புரதம், எதிர்ப்பு மரபணுக்களுக்குப் பூட்டுப் போட்டது போல் டிஎன்ஏ மீது உட்கார்ந்திருக்கும். ஆர்சனிக் வந்து ஒட்டியதும் அது விலகும், மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கும். அந்த இடத்தில் ஒளிரும் புரதத்துக்கான மரபணுவை இணைத்துவிட்டால், ஆர்சனிக் இருந்தால் செல் ஒளிரும். வேதியியல் கருவி மண்ணில் உள்ள மொத்த ஆர்சனிக்கையும் கணக்கிடும். செல்லோ தனக்குள் நுழைய முடிந்ததை மட்டுமே சொல்லும். உயிர்களுக்கு எது கேடு என்று கேட்பவருக்கு இந்த விடைதான் வேண்டும். ஆனால் செல்லைச் சாகாமல் வைத்திருக்க வேண்டுமே, அது பெரும்பாடு!

மருத்துவ ஆய்விலும் இதே வழிதான். நுண்மின்முனைகள் மேல் இதயத் தசைச் செல்களை வளர்த்து, மருந்து பட்டதும் துடிப்பு எப்படி மாறுகிறது என்று பதிவு செய்கிறார்கள்.

பயோசென்சருக்கு 'உயிர்வழி உணரி' என்பதே என் தேர்வு. 'வழி' சேர்ந்தால் வேற்றுமைக் குழப்பம் தீர்கிறது. உயிருள்ள செல்லை வைத்தவற்றுக்கு? 'செல்வழி' என்று எழுதினால் 'செல்லும் வழி' என்று படிப்பார்கள். இலங்கைப் பாடநூல்களின் 'கலம்' எனக்குப் பிடிக்கும், ஆனால் மற்ற இடங்களில் அது பாத்திரம், கப்பல். 'உயிரணு'வைச் செய்தித்தாள்கள் விந்தணுவுக்கும் எழுதுகின்றன. இருந்தும், சூழலே பொருளைத் தெளிவாக்கிவிடும் என்பதால் 'உயிரணுவழி உணரி' என்றே எழுதுகிறேன்.