ட்ரெபிள்: சொல் விளக்கம்

இணையம் வழியாக வரும் பாட்டை வீட்டு ஸ்டீரியோவில் கேட்கும்போது, பாடகர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல இருக்கிறது என்று சொன்னால், பழுது பார்ப்பவர் முதலில் கேட்கும் கேள்வி “ட்ரெபிள் வருதா?” என்பதாகத்தான் இருக்கும். மைக்செட்காரர் முதல் கார் ஸ்டீரியோ பொருத்துபவர் வரை எல்லோரும் புழங்கும், ஒலியின் உயர் அதிர்வெண் பகுதியைக் குறிக்கும் இச்சொல்லைத் தமிழில் எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ‘மேல் ஸ்தாயி’ என்றோ ‘உச்ச சுருதி’ என்றோ எழுதிவிடுகிறார்கள். இரண்டும் பிழை என்பது என் கருத்து. அந்தப் பிழை அகராதியோடு நிற்பதில்லை. கோளாறு எங்கே இருக்கிறது என்று தேடுபவரையும் அது தவறான திசைக்கு அனுப்பிவிடுகிறது.

மும்மடங்கு எனப் பொருள்படும் ‘ட்ரிப்ளுஸ்’ என்னும் இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘ட்ரெபிள்’ ஆயிற்று. மூன்றுக்கும் ஒலிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 13-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் பல்குரல் இசையில், மூலப் பண்ணை நீட்டிப் பிடித்து நிற்கும் குரல் ‘டெனர்’. பிடித்தல் என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். அதன்மேல் இரண்டாவது குரலும், அதற்கும் மேலே ‘ட்ரிப்ளும்’ எனப்பட்ட மூன்றாவது குரலும் அமைந்தன. மேலே நின்ற அந்த மூன்றாமவரின் வரிசை எண்ணே நாளடைவில் உயர்ந்த குரலுக்குப் பெயராகிவிட்டது என்பர். எதிர்ச்சொல்லான ‘பேஸ்’ தாழ்ந்தது என்னும் பொருளிலிருந்து வந்தது. அதில் சிக்கல் எதுவும் இல்லை.

பாடகர் மேடையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு வந்தபோது சொல்லின் பொருள் நகர்ந்தது. பீட்டர் பாக்ஸாண்டால் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1952-இல் வெளியிட்ட சுற்றமைப்பின் வழிவந்த பேஸ், ட்ரெபிள் குமிழ்கள் இன்றும் பல ஆம்ப்ளிஃபயர்களில் உள்ளன. அவற்றில் ட்ரெபிள் குமிழின் வேலை ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 1,000 அதிர்வுகளுக்கு) மேலே தொடங்கி, 10,000 ஹெர்ட்ஸ் வாக்கில் முழு அளவை எட்டுகிறது. அந்த 10,000 பாட்டில் எந்தக் குரலும் ஸ்வரமாகப் பாடி எட்டும் உயரம் அன்று.

இங்கேதான் நம் இசைச் சொற்கள் பொருந்தாமல் போகின்றன. சிலப்பதிகாரம் கீழ், நடு, மேல் என்னும் மூன்று ஸ்தாயிகளை மெலிவு, சமன், வலிவு எனக் குறிக்கிறது. ‘வலிவு’ என்று எழுதினால் இன்றைய வாசகர் ஒலியின் பலத்தையே நினைப்பார். மேல் ஸ்தாயிக்கு வழங்கும் ‘தாரம்’ என்னும் சொல்லை எடுக்கலாம் என்றால், பழந்தமிழ் இசையில் அது ஏழாம் சுரத்தின் பெயர். இந்தக் குழப்பங்களை ஒதுக்கிவிட்டாலும் கணக்கு உதைக்கிறது. 5 கட்டையில் பாடும் பெண்ணின் ஷட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ், மேல் ஷட்ஜம் 392, மேல் பஞ்சமம் 588. அவர் தொண்டை நரம்பு புடைக்க மேல் பஞ்சமத்தில் நின்றாலும் அந்த ஸ்வரம் ட்ரெபிளின் வாசலைக்கூட எட்டவில்லை. ஆகவே ட்ரெபிள் முற்றிலும் போன கருவியிலும் அவர் பாடும் ஒரு ஸ்வரம்கூட விடுபடாது. விடுபடுபவை வேறு: ஜால்ராவின் சில்லென்ற ஓசை, கஞ்சிராவின் சலங்கைச் சிலிர்ப்பு, ‘ஸ’ என்னும் எழுத்தின் சீறல், அடிக்குரல்மீது அடுக்கடுக்காக ஏறி நிற்கும் மேல் அதிர்வுகள்.

எனவே துல்லியம் வேண்டும் இடத்தில் ‘உயர் அதிர்வெண் ஒலி’ என்று எழுதுவதே முறை. குமிழின்மேல் அச்சிட அது நீளம் என்றால் ‘கூரொலி’ எனலாம் என்பது என் பரிந்துரை. எதிரே ‘தாழொலி’ நிற்கட்டும். கடைவீதியில் ட்ரெபிள் ட்ரெபிளாகவே இருந்துவிட்டுப் போகட்டும், அதில் எனக்கு வழக்கு இல்லை.

பொருள் தெளிந்தால் தேடலும் தெளியும். சோதிப்பதற்கு உச்ச ஸ்தாயிப் பாட்டைப் போடுவதில் பயனில்லை. ஜால்ரா கேட்கும் பஜனைப் பதிவைப் போட வேண்டும். குறைந்த தரத்தில் அனுப்பப்படும் பாட்டு கூரொலியை இழப்பது உண்மைதான். 128 கிலோபிட் எம்பி3 கோப்பில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் வெட்டப்படுகின்றன. ஆனால் நாற்பதைத் தாண்டிய காதுகள் பல அதை உணரவே மாட்டா; கம்பளி போர்த்திய ஓசைக்கு அது காரணமாகாது. கணினியிலிருந்து புளூடூத் வழியே கேட்கும்போது, ஏதேனும் ஒரு செயலி மைக்கைப் பிடித்துக்கொண்டால், மைக் உள்ள ஸ்பீக்கர் தொலைபேசிப் பேச்சுக்கான முறைக்கு மாறிவிடுவது உண்டு; அம்முறையின் பழைய வடிவத்தில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது, அதன்பின் வந்த வடிவத்தில் 8,000 வரை வரும். அப்படி வந்தே சேராத ஒலியை ட்ரெபிள் குமிழைத் திருகி வரவழைக்க முடியாது, இரைச்சல்தான் கூடும்.

அதே பாட்டை ஒயர் வழியே கொடுத்தும் மந்தமாகவே இருந்தால், ஸ்பீக்கர் பெட்டியில் கூரொலியைத் தரும் சிறிய ஒலிப்பானாகிய ட்வீட்டரருகே காதை வைத்துப் பார்க்க வேண்டும்; அது ஊமையாக இருக்கலாம். என் வீட்டில் இடது ஸ்பீக்கரின் ட்வீட்டர் அப்படித்தான் ஊமையாகக் கிடந்தது. பாட்டுச் செயலியின் தரத்தை இரண்டு வாரம் குறை கூறிய பிறகே ஸ்பீக்கரைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் நான்கு இணைப்பு முனைகள். தாழொலியைத் தரும் ஊஃபருக்கான முனைகளையும் ட்வீட்டருக்கான முனைகளையும் இணைக்கும் பித்தளைப் பட்டைகளில் ஒன்று, வெள்ளையடித்த நாளில் கழன்று அலமாரிக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அவ்விடத்தில் இரண்டங்குல ஒயர்த் துண்டைச் செருகி மீண்டும் போட்டதும் ஜால்ரா திரும்பி வந்தது.