தேத்தண்ணியில் வரைந்த மலை

வர்ணப் பெட்டி கொண்டுவரச் சொன்னால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வெறுங்கையோடு வருவார்கள், தேயிலைத் தூள் கொண்டுவரச் சொன்னால் கொண்டுவர முடியாத வீடு இலங்கை மலையகத்தில் எங்கள் மஸ்கெலியாப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. சித்திரத்துக்கு வர்ணம் இல்லை, விஞ்ஞானத்துக்கு ஆய்வுகூடம் இல்லை, சரி, இரண்டையும் ஒரே மேசையில் செய்து பார்ப்போம் என்று தரம் 8 பிள்ளைகளோடு உட்கார்ந்தேன்.

ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணிகளைப் போத்தலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினாகிரி ஊற்றி, ஒரு வாரம் விட்டுவிட வேண்டும். மூடியை இறுக்கவே கூடாது. இரும்பை அமிலம் கரைக்கும்போது ஐதரசன் வாயு வரும், அது வெளியேற வழி வேண்டும். வடித்தால் வெளிறிய ஒரு தண்ணீர் கிடைக்கும். அதில்தான் இரும்பு கரைந்திருக்கிறது. அப்புறம் தேத்தண்ணி: பாலும் சீனியும் இல்லாமல், குடிக்க முடியாத அளவுக்குச் சாயம் கூட்டி, ஆறவைத்தது.

பிள்ளைகள் தேத்தண்ணியைத் தொட்டுச் சிவனொளிபாதமலையை வரைந்தார்கள். காய்ந்தபோது மெல்லிய மண்ணிறம். அதன்மேல் இரும்புத் தண்ணீர் தொட்ட தூரிகையை இழுத்ததும் மண்ணிறம் கண்ணெதிரே சாம்பலாகி, பிறகு நீலம் கலந்த கறுப்பானது. சத்தமான வகுப்பு அது, அந்த நிமிடம் ஒருவரும் பேசவில்லை.

நடந்தது இதுதான். தேத்தண்ணி நாக்கில் துவர்ப்பதற்குக் காரணம் பொலிபீனோல்கள் என்ற பொருட்கள். அவற்றின் மூலக்கூறில் ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சிறு கூட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நண்டு இடுக்கியால் பிடிப்பதுபோல, பக்கத்தில் இருக்கும் இரண்டு கூட்டங்கள் சேர்ந்து ஓர் இரும்பு அயனை, அதாவது இலத்திரன் இழந்த இரும்பு அணுவை, பிடித்துக்கொள்கின்றன. பிடிபட்ட இரும்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் நமக்குக் கறுப்பாகத் தெரிகிறது. மறுநாள் காலையில் மலை இன்னும் கறுத்திருந்தது. வினாகிரியில் கரைந்த இரும்பில் பெரும்பகுதி இரண்டு இலத்திரன் இழந்த நிலையில் இருந்தது. இரவு முழுக்கக் காற்றிலிருந்த ஒட்சிசன் மூன்றாவதையும் வாங்கிக்கொண்டது, அப்படி மாறிய இரும்பைப் பொலிபீனோல் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். இதையே தாளில் கட்டம் போட்டு, மணிக்கு ஒரு கட்டம் தீட்டி வைத்தால், எந்தக் கட்டம் எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்று நிறத்தைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம்.

நம் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானத்தில் சித்திரம் என்றால் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’, அவ்வளவுதான். கரும்பலகையில் இருப்பதைக் கொப்பியில் பார்த்து எழுதுவதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இங்கே படமேதான் பரிசோதனை, அழகாக வரைய வேண்டுமென்றால் இரசாயனத்தைக் கவனித்தே ஆக வேண்டும். இதொன்றும் புதிதும் அல்ல. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து நம் ஆட்கள் மை காய்ச்சினார்கள், கலம்காரித் துணியின் கறுப்புக் கோடும் இரும்பும் துவர்ப்பும் சேர்ந்ததுதான், ஐரோப்பாவில் பல நூறு வருடங்கள் எழுதிய மையும் இதே வகை.

மலையைச் சுற்றிப் பனி வேண்டும் என்றாள் ஒரு பிள்ளை. வெள்ளை வர்ணத்துக்கு எங்கே போவது? தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டுத் தடவச் சொன்னேன். தடவிய இடம் வெளிறியது, மலையடிவாரத்தில் உண்மையாகவே பனி இறங்கியதுபோல இருந்தது. தேசிக்காயிலுள்ள சித்திரிக் அமிலமும் இரும்பைப் பிடிக்கக்கூடியது, பொலிபீனோலின் பிடியிலிருந்து அதை இழுத்துக்கொள்கிறது; அந்தக் கூட்டுக்கு அவ்வளவு நிறம் இல்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்வதுதான். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது, தேத்தண்ணியோடு குடிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்கள். ஆனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எந்த நேரமும் அடுப்பில் இருப்பது தேத்தண்ணி, மாத்திரையும் அதோடுதான் உள்ளே போகிறது. தாளில் நடந்த அதே பிடிப்பு குடலிலும் நடக்கிறது, பிடிபட்ட இரும்பு இரத்தத்துக்குப் போகாமல் வெளியேறிவிடுகிறது. சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புக்கும் இதே கதிதான். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உடம்பில் சேரும் அளவு பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. தேசிக்காய் அதற்கு நேர்மாறு, அதிலுள்ள விற்றமின் சி இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளும் நிலையில் வைத்திருக்கும். ‘தேத்தண்ணி வேண்டாம்’ என்று மட்டும் கேட்டுவிட்டு வரும் பிள்ளைக்கும், கறுத்த மலையைத் தன் கையால் வரைந்துவிட்டு வரும் பிள்ளைக்கும் வீட்டில் அம்மாவிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

அடுத்த வாரம் பச்சைக் கொழுந்தையே தாளில் தேய்க்கப் போகிறோம். முதலில் பச்சைக் கோடு, கொஞ்ச நேரத்தில் அது மண்ணிறமாகும், பெக்டரியில் அரைத்த கொழுந்து செம்பு நிறமாவதும் காற்றிலுள்ள ஒட்சிசனால் நடக்கும் இதே ஒட்சியேற்றம்தான். மண்ணிறமாகும் முன்பே அந்தப் பச்சைக் கோட்டில் இரும்புத் தண்ணீரைத் தொட்டால் கறுக்குமா, கறுக்காதா? விடையை நான் சொல்லவில்லை, வரைந்து பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.